ஜாமீன் கையெழுத்து

வணக்கம் ஐயா,

அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் வரலாறு நடத்துகிறேன். உங்கள் தளத்தை நெடுநாளாக வாசித்து வந்தாலும் எழுதுவது இதுதான் முதல் முறை. முதல் உலகப்போரின் முடிவு பற்றிய உங்கள் குறிப்பில் போகிறபோக்கில் ஒரு வரி இருந்தது: "இரண்டு போர்களுக்கும் நடுவே அமெரிக்கா ஒதுங்கியிருந்தது என்பது பாடப்புத்தகத்துக்குச் சௌகரியமான பொய்." இருபத்திரண்டு வருடமாக அந்தப் பொய்யைத்தான் நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அன்றிலிருந்து மனதுக்குள் ஒரு குடைச்சல்.

இனியொரு போர் வராமல் தடுக்க முதல் உலகப்போருக்குப் பின் நாடுகள் கூடி அமைத்த பன்னாட்டுச் சங்கத்தைப் போன வாரம் வகுப்பில் நடத்தும்போது ஒரு பையன் எழுந்து, "சார், பன்னாட்டுச் சங்கம் வேணும்னு சொன்னதே அமெரிக்க அதிபர் வில்சன்தானே? அவரு நாடே ஏன் அதுல சேரல? வீட்டுக்காரரே வராத கிரகப்பிரவேசமா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. "செனட் ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். அவன் கேட்டது 'ஏன்'. நான் சொன்னது 'யார்'. வீட்டுக்கு வந்த பிறகுதான் அது உறைத்தது.

அமெரிக்கா அந்தச் சங்கத்தில் சேர்ந்திருந்தால் ஹிட்லரைத் தடுத்திருக்க முடியுமா? இன்னொரு சந்தேகமும் உண்டு. அடுத்தவன் சண்டையில் தலையிடாமல் இருப்பது நல்ல புத்திதானே? அதை ஏன் குற்றப்பத்திரிகை போல எழுதுகிறோம்? பின்னால் அணிசேராமை என்று நாம் செய்ததும் அதுதானே?

ம.,
திருநெல்வேலி மாவட்டம்

*

அன்புள்ள ம. அவர்களுக்கு,

'பொய்' என்று எழுதியது என் வாய்க்கொழுப்பு. இருபத்திரண்டு வருடம் வகுப்பில் நின்ற ஒருவர் படிப்பார் என்று தெரிந்திருந்தால் 'அரைகுறை' என்று எழுதியிருப்பேன். மன்னிக்கவும்.

உங்கள் மாணவனின் கேள்வியை வெகுவாக ரசித்தேன். அவனிடம் ஒரு திருத்தம் மட்டும் சொல்லுங்கள். வீட்டுக்காரர் கிரகப்பிரவேசத்துக்கு வந்தார். வாசலில் நின்றுவிட்டது அவர் குடும்பம். கடைசி நேரத்தில் "இந்தப் படியில் ஏறாதே" என்று குடும்பத்தைத் தடுத்ததும் அதே வீட்டுக்காரர்தான்.

வெளிநாட்டோடு போடும் ஒப்பந்தத்துக்கு அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். 1918 நவம்பர் தேர்தலில் செனட் வில்சனின் எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் கைக்குப் போனது. அது தெரிந்தும் வில்சன் பாரிஸ் மாநாட்டுக்கு ஒரு செனட்டரைக்கூட அழைத்துப் போகவில்லை. சம்பந்தம் பேசப் போகும்போது பெரியப்பாவை விட்டுவிட்டுப் போனால் கல்யாணத்தன்று என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். இங்கே பெரியப்பா ஹென்றி கேபட் லாட்ஜ், செனட் வெளியுறவுக் குழுவின் தலைவர்.

பாரிஸில் உருவான வெர்சாய் சமாதான ஒப்பந்தத்துக்குள்ளேதான் பன்னாட்டுச் சங்கத்தின் சாசனமும் இருந்தது. லாட்ஜ் அந்த ஒப்பந்தத்தைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. அப்படிச் சொன்ன செனட்டர்கள் பத்துப் பதினைந்து பேர் தனியாக இருந்தார்கள். ஐடஹோவின் வில்லியம் போரா அவர்களில் முக்கியமானவர். லாட்ஜ் கேட்டது 14 நிபந்தனைகள். சமாதானத்துக்காக வில்சன் முன்வைத்த 14 அம்சங்களுக்குப் பதிலடியாக வந்த எண்ணிக்கை என்று அன்றே பேச்சு. அவற்றில் உயிரானது சங்கத்தின் சாசனத்தில் உள்ள 10-ஆம் பிரிவைப் பற்றியது. உறுப்பு நாடு ஒன்றின் எல்லையை வெளியிலிருந்து ஒருவன் தாக்கினால் மற்ற உறுப்பினர்கள் அந்த எல்லையைக் காக்கக் கடமைப்பட்டவர்கள் என்கிறது அந்தப் பிரிவு. எங்கள் நாடாளுமன்றம் ஒவ்வொரு முறையும் தனியாக முடிவெடுத்தாலொழிய அந்தக் கடமை எங்களுக்கில்லை என்று எழுதிச் சேர்க்கச் சொன்னார் லாட்ஜ். அதை எழுதினால் சாசனத்தின் நெஞ்சே போய்விடும் என்றார் வில்சன்.

1919 செப்டம்பரில் வில்சன் மக்களிடமே முறையிடக் கிளம்பினார். ரயிலில் சுமார் 8,000 மைல், ஊருக்கு ஊர் பேச்சு. கொலராடோ மாநிலத்தின் ப்யூப்ளோவில் பேசிய அன்று உடல் விட்டுக்கொடுத்தது. வாஷிங்டன் திரும்பி அக்டோபர் 2 அன்று பக்கவாதம். அதன்பின் பல மாதங்கள் அவரிடம் எந்தத் தாள் போகலாம், எது போகக்கூடாது என்பதை அவர் மனைவி ஈடித் தீர்மானித்தார்.

நவம்பர் 19 அன்று லாட்ஜின் நிபந்தனைகளோடு வாக்கெடுப்பு: ஆதரவு 39, எதிர்ப்பு 55. நிபந்தனை இல்லாமல்: 38-க்கு 53. கடைசி வாக்கெடுப்பு 1920 மார்ச் 19 அன்று, நிபந்தனைகளோடு: 49-க்கு 35. வாக்களித்தவர்கள் 84 பேர், வேண்டியது 56, ஏழு குறைவு. எதிர்த்த அந்த 35 பேர் யார் என்பதைத்தான் கரும்பலகையில் எழுத வேண்டும். 12 பேர் எதற்கும் மசியாத போராவின் கூட்டம். மீதி 23 பேர் வில்சனின் சொந்த ஜனநாயகக் கட்சிக்காரர்கள். நோய்ப்படுக்கையிலிருந்து அவர் அனுப்பிய சொல்லுக்குக் கட்டுப்பட்டு, அவர் பெற்ற பிள்ளைக்கு எதிராகக் கைதூக்கினார்கள். அந்த 23 பேரில் ஏழு பேர் தலைவர் சொல்லை மீறியிருந்தால் அமெரிக்கா உள்ளே. அவர் கட்சியின் வேறு 21 பேர் மீறத்தான் செய்தார்கள், போதவில்லை. 'செனட் ஒத்துக்கொள்ளவில்லை' என்ற உங்கள் பதிலுக்குள் இவ்வளவும் இருக்கிறது.

இந்த ஏழு 1935 ஜனவரியில் திரும்பவும் வந்தது. உலக நீதிமன்றத்தில் சேரலாமா என்ற வாக்கெடுப்பில் 52-க்கு 36. மூன்றில் இரண்டு பங்குக்கு ஏழு குறைவு. அப்போது செனட்டில் அதிபர் ரூஸ்வெல்ட்டின் கட்சிக்குப் பெரும் பெரும்பான்மை. காஃப்லின் என்ற பாதிரியார் வானொலியில் பேசிக் கிளப்பிவிட்ட தந்திகள் செனட்டர்களின் மேஜைகளில் மலையாகக் குவிந்தன.

அடிமை நாடான இந்தியா பன்னாட்டுச் சங்கத்தில் தொடக்கத்திலிருந்தே உறுப்பினர் என்பதையும் அந்தப் பையனிடம் சொல்லுங்கள். பிரிட்டிஷ் பேரரசுக்கு ஓர் ஓட்டு கூடுதலாகக் கிடைக்கட்டுமே என்ற கணக்கு அதில் இருந்தது. லாட்ஜ் தரப்பின் புகார்களில் அந்தக் கூடுதல் ஓட்டுகளும் ஒன்று.

*

ஏன் என்ற கேள்விக்கு வருகிறேன். எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொன்னால்தான் எனக்கு அதை விளக்க வரும்.

என் தாத்தா யாரோ ஒருவருடைய புரோநோட்டில் ஜாமீன் கையெழுத்துப் போட்டார். கடன் வாங்கியவர் ஒருநாள் இரவோடு இரவாக ஊரைவிட்டுப் போனார். எங்கள் ஒன்றரை ஏக்கர் நஞ்சை அந்தக் கையெழுத்துக்குப் போனது. அதற்குப் பிறகும் தாத்தா யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. நெல் கொடுப்பார், கைமாற்று கொடுப்பார், வட்டிக்கும் கொடுப்பார். பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டால் போய்த் தீர்ப்பும் சொல்வார். கையெழுத்து என்று வந்தால் மட்டும் எழுந்து மாட்டுத்தொழுவத்துக்குப் போய்விடுவார். "காசு கேளு தர்றேன், கையெழுத்து கேக்காத." அந்த ஊரில் அவர் ஒதுங்கியிருந்தார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், பாதி ஊர் அவரிடம் கடன்பட்டிருந்தது.

1919-க்குப் பிறகான அமெரிக்காவை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். ஒன்றரை வருடம் போரில் இருந்தார்கள். 1,16,000-க்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதில் பாதிக்கு மேல் நோயில், பெரும்பாலும் விஷக் காய்ச்சலில். சண்டை முடிந்ததும் ஐரோப்பிய வல்லரசுகள் உட்கார்ந்து நிலம் பிரித்ததைப் பார்த்தார்கள். இதற்கா போனோம் என்ற கசப்பு அயோவாவின் சோளக்காட்டுக்காரன் வரை இறங்கியது. அந்தக் கசப்பை முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அதிலிருந்து அவர்கள் எடுத்த முடிவு விசித்திரமானது. உலகத்தைவிட்டு அவர்கள் விலகவில்லை. எங்கும் போனார்கள், எல்லாவற்றிலும் கைவைத்தார்கள். நாளைக்கு ஒருவன் அடித்தால் வந்து நிற்பேன் என்று மட்டும் எவருக்கும் எழுதித்தர மறுத்தார்கள்.

மறுத்த கையெழுத்துகளில் பாடப்புத்தகம் மறந்தே போன ஒன்று உண்டு. என் கணக்கில் பன்னாட்டுச் சங்கத்தைவிட அது பெரிது. வெர்சாய் ஒப்பந்தம் கையெழுத்தான அதே 1919 ஜூன் 28 அன்று வில்சன் பிரான்சோடு தனியாக இன்னொரு ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டார். காரணமில்லாமல் ஜெர்மனி தாக்கினால் அமெரிக்கா உதவிக்கு வரும் என்பது அதன் சாரம். பிரிட்டனும் அதே போல் ஒன்று எழுதிக் கொடுத்தது. ஆனால் அமெரிக்கா உறுதிசெய்தால்தான் தன்னுடையதும் செல்லும் என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டது. ரைன் நதிவரை எல்லை வேண்டும் என்று தளபதி ஃபோஷ் பிடிவாதம் பிடித்தபோது, பிரதமர் கிளமென்சோ அதைக் கைவிட ஒப்பியது இந்த இரண்டு ஜாமீன்களை நம்பித்தான். செனட் அந்த ஒப்பந்தத்தை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை. அது செத்ததும் பிரிட்டனுடையதும் தானாகச் செத்தது. நிலத்தையும் விட்டு ஜாமீனையும் இழந்த பிரான்ஸ், பயந்தவன் செய்வதையெல்லாம் செய்தது. வெர்சாய் ஒப்பந்தப்படி ஜெர்மனி தரவேண்டிய போர் இழப்பீடு பாக்கி என்று 1923 ஜனவரியில் அதன் ரூர் பகுதிக்குள் படையை இறக்கியது. அதே மாதம் ரைன் கரையில் மிச்சமிருந்த அமெரிக்கப் படை கப்பலேறி ஊர் திரும்பியது.

*

இனி வட்டிக்கடை.

போருக்கு முன்னால் அமெரிக்கா ஐரோப்பாவிடம் கடன்பட்ட நாடு. போர் முடிந்து கணக்குப் பார்த்தபோது நேச நாடுகள் அதனிடம் சுமார் 1,030 கோடி டாலர் கடன்பட்டிருந்தன. நாங்கள் ரத்தம் கொடுத்தோம், நீங்கள் காசு கொடுத்தீர்கள், சரிக்குச் சரி என்று விடக்கூடாதா என்று பாரிஸும் லண்டனும் கேட்டன. "பணத்தை வாங்கினார்கள்தானே?" என்று அதிபர் கூலிட்ஜ் கேட்டதாகப் பேர். அவர் வாயில் அந்த வாசகம் வந்ததோ இல்லையோ, அரசின் போக்கு அதுதான்.

கடனை அடைக்க வேண்டுமானால் ஐரோப்பா அமெரிக்காவுக்குச் சரக்கு விற்க வேண்டும். 1922-லும் 1930-லும் அமெரிக்கா இறக்குமதிச் சுங்கவரியை ஏற்றியது. 1930-இன் ஸ்மூட்-ஹாலி சட்டத்தில் கையெழுத்துப் போடாதீர்கள் என்று 1,028 பொருளாதார அறிஞர்கள் அதிபர் ஹூவருக்கு மனு எழுதினார்கள். போட்டார். கடனைக் கொடு, ஆனால் உன் மாட்டையும் நெல்லையும் என் சந்தைக்கு ஓட்டிவராதே என்றால் கடன்காரன் எங்கே போவான்?

போன இடம் ஜெர்மனி. நீ இழப்பீடு கொடு, அதை வைத்து நாங்கள் அமெரிக்காவுக்குக் கட்டுகிறோம் என்றார்கள். ஜெர்மனியிடம் இல்லை. 1924-இல் சிகாகோ வங்கிக்காரர் சார்லஸ் டாஸ் தலைமையில் ஒரு நிபுணர் குழு திட்டம் போட்டது. ஜெர்மனிக்கு 80 கோடி பொன் மார்க் கடன். அதில் பாதிக்கு மேல் அமெரிக்கச் சந்தையில் திரட்டியது. அதைத் தொடர்ந்து அமெரிக்கத் தனியார் பணம் ஜெர்மனிக்குள் கொட்டியது. ஜெர்மன் நகராட்சிகள்கூட டாலர் கடனில் நீச்சல்குளமும் விளையாட்டரங்கும் கட்டின. ஆக, நியூயார்க்கிலிருந்து பெர்லினுக்குக் கடன். பெர்லினிலிருந்து பாரிஸுக்கும் லண்டனுக்கும் இழப்பீடு. அங்கிருந்து வாஷிங்டனுக்குத் தவணை. சீட்டுப்பணம் போல ஒரே காசு சுற்றிச் சுற்றி வந்தது. வேடிக்கை என்னவென்றால், இழப்பீட்டுக்கும் கடனுக்கும் சம்பந்தமே இல்லை என்று அமெரிக்க அரசு கடைசிவரை சாதித்தது. டாஸும் அரசின் பிரதிநிதியாகப் போகவில்லை, தனிமனிதராகத்தான் போனார். தாத்தா மாட்டுத்தொழுவத்துக்குப் போய்விட்டார், திண்ணையில் கணக்குப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். டாஸுக்கு 1925-ஆம் ஆண்டின் அமைதி நொபெல் பரிசில் பாதி கிடைத்தது. அந்தக் காலத்து அமைதிப் பரிசுகளைத் தொடர்ந்து பார்த்தால் ஒரு சோகச் சிரிப்பு வரும்.

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச்சந்தை விழுந்தது. புதுக் கடன் நின்றது. 1931 மே மாதம் வியன்னாவின் பெரிய வங்கியான கிரெடிட்அன்ஸ்டால்ட் சரிந்தது. ஜூனில் ஹூவர் எல்லாத் தவணைகளுக்கும் ஒரு வருடம் வாய்தா கொடுத்தார். 1932 டிசம்பரில் பிரான்ஸ் கைவிரித்தது. 1934-க்குள் பின்லாந்தைத் தவிர எல்லோரும் கட்டுவதை நிறுத்தியிருந்தார்கள். கோபத்தில் அமெரிக்கா அதே வருடம் ஜான்சன் சட்டம் போட்டது: பாக்கி வைத்த அரசுகளுக்கு அமெரிக்கச் சந்தையில் இனிமேல் கடன் இல்லை. ஐந்து வருடம் கழித்து ஹிட்லரோடு போருக்குப் போனபோது பிரிட்டனும் பிரான்சும் அங்கே ஒரு டாலர் கடன் வாங்க முடியாமல் நின்றது இந்தச் சட்டத்தால்.

*

'ஒதுங்கிய நாடு' என்று எழுதும் நாளில் ஒரு கரீபியன் வரைபடத்தையும் கூடவே தொங்கவிடுங்கள். ஹைதியில் அமெரிக்க மரைன் படை 1915 முதல் 1934 வரை. டொமினிக்கன் குடியரசில் 1916 முதல் 1924 வரை. நிகராகுவாவில் 1912-இலிருந்து, நடுவில் சில மாதங்கள் நீங்கலாக, 1933 வரை. ஹைதியின் சுங்கச்சாவடியும் கஜானாவும் அமெரிக்க அதிகாரிகள் கையில். சாலை போட ஊர்மக்களைக் கூலியில்லாமல் பிடித்துப் போனார்கள். நிகராகுவாவில் சாண்டினோ என்ற மனிதர் மலையில் ஏறி எதிர்த்தார். 1927 ஜூலை 16 அன்று ஒக்கோட்டால் என்ற சிற்றூரில் அவர் ஆட்கள் மேல் அமெரிக்க விமானங்கள் தலைகீழாகப் பாய்ந்து குண்டு போட்டன. போரைச் சட்டவிரோதமாக்குவது பற்றி பாரிஸுக்கும் வாஷிங்டனுக்கும் இடையே பேச்சு நடந்துகொண்டிருந்த அதே கோடைகாலம் அது.

மரைன்கள் 1933-இல் கிளம்பும்போது தாங்கள் பழக்கிய தேசியக் காவல்படையை சொமோசா என்பவர் கையில் விட்டுப் போனார்கள். அடுத்த வருடம் பிப்ரவரியில் சமாதானம் பேச வந்த சாண்டினோ, அதிபர் மாளிகையில் இரவு உணவு முடித்துத் திரும்பும் வழியில் அந்தப் படையாலேயே கொல்லப்பட்டார். சொமோசா குடும்பம் 1979 வரை ஆண்டது. லத்தீன் அமெரிக்காவில் இனித் தலையிட மாட்டோம், இது நல்ல அண்டை வீட்டுக்காரன் கொள்கை என்று ரூஸ்வெல்ட் அறிவித்தது உண்மை, அதில் பொருளும் இருந்தது. 1938-இல் மெக்சிகோ எண்ணெய் வயல்களை நாட்டுடைமை ஆக்கியபோது அவர் படை அனுப்பவில்லை. முந்தைய அதிபர்கள் சிலர் அனுப்பியிருப்பார்கள்.

கடற்படைக் குறைப்புக்காக 1921-22-இல் வாஷிங்டனில் நடந்த மாநாட்டைப் பாடத்தில் அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான் போர்க்கப்பல்களுக்கு 5:5:3 என்ற விகிதத்தோடு முடித்துவிடுவோம். இரண்டு விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, ஜப்பான் தன் தூதருக்கு அனுப்பிய சங்கேதத் தந்திகளை அமெரிக்கர்கள் உடைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். எதிராளி எதுவரை இறங்குவான் என்று தெரிந்துதான் பேரம் பேசினார்கள். மற்றது, அங்கே இந்தியாவுக்காக உட்கார்ந்து கையெழுத்திட்டவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி. அதற்கு நாலு வருடம் முன்னால், அன்னி பெசன்ட்டைச் சிறைவைத்ததை எதிர்த்தும் இந்தியாவுக்குத் தன்னாட்சி கேட்டும் வில்சனுக்கே கடிதம் எழுதியவர் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி மணி அய்யர். அதற்காக லண்டன் கண்டித்தபோது பட்டங்களைத் தூக்கி எறிந்தார். வில்சனின் 'சுயநிர்ணயம்' என்ற சொல்லை வில்சனைவிட அதிகம் நம்பியவர்கள் நம் ஊரில் இருந்தார்கள்.

1928-இன் கெல்லாக்-பிரியான் ஒப்பந்தம், போரையே கைவிடுகிறோம் என்றது. மீறினால் என்ன செய்வது என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது. அதனால்தான் அமெரிக்க செனட் அதை 85-க்கு 1 என்று நிறைவேற்றியது. சில வாரங்களில் 15 புதிய போர்க்கப்பல்களுக்கும் பணம் ஒதுக்கியது.

*

சேர்ந்திருந்தால் ஹிட்லரைத் தடுத்திருக்கலாமா? எனக்குச் சந்தேகம்தான். படை நிற்கக் கூடாது என்று வெர்சாய் ஒப்பந்தம் விலக்கிவைத்த ரைன்லாந்துக்குள் 1936 மார்ச்சில் ஹிட்லர் படையை நடத்தியபோது சங்கத்துக்குள்ளேயே இருந்த பிரிட்டனும் பிரான்சும் கையைக் கட்டிக்கொண்டு நின்றன. மூன்றாவதாக ஒரு கட்டிய கை கூடியிருக்கும். ஆனால் 1919-இன் பிரெஞ்சு ஜாமீன் உயிரோடு இருந்திருந்தால்? அங்கே என்னால் அவ்வளவு எளிதாக உதட்டைப் பிதுக்க முடியவில்லை.

1931-இல் ஜப்பான் மஞ்சூரியாவில் புகுந்தபோது சங்கத்தின் அவை ஜெனிவாவில் கூடியது. உறுப்பினரில்லாத அமெரிக்கா ப்ரென்டிஸ் கில்பர்ட் என்ற அதிகாரியை அந்த மேஜையில் உட்கார அனுப்பியது. கெல்லாக் ஒப்பந்தம் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் பேசலாம் என்பது அவருக்கு உத்தரவு. பந்தியில் உட்காரலாம், இலையில் கைவைக்கக் கூடாது. 1932 ஜனவரியில் வெளியுறவு அமைச்சர் ஸ்டிம்சன், ஆயுதத்தால் வந்த மாற்றங்களை அங்கீகரிக்க மாட்டோம் என்று குறிப்பு அனுப்பினார். ஜப்பான் அந்தக் குறிப்பைப் பெற்றுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தது.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. தலையிடாமல் இருப்பது நல்ல புத்தியா? சில வேளை ஆம். போரில் யார் லாபம் பார்த்தார்கள் என்று வடக்கு டக்கோட்டாவின் செனட்டர் ஜெரால்ட் நை 1934 முதல் 1936 வரை நடத்திய விசாரணை நியாயமான கோபத்திலிருந்து வந்தது. ஆயுத வியாபாரிகளையும் மார்கன் வங்கியையும் கூண்டில் நிறுத்திக் கேட்டார்கள். அதன் சூட்டில் 1935, 1936, 1937 என்று அடுத்தடுத்து நடுநிலைமைச் சட்டங்கள் வந்தன. போரிடும் எவருக்கும் ஆயுதம் இல்லை, கடன் இல்லை. தாக்கியவன் யார், தாக்கப்பட்டவன் யார் என்று பார்ப்பதில்லை.

அங்கேதான் இடறுகிறது. ஸ்பெயினில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுக்கு எதிராக ஃபிராங்கோ கலகம் செய்தார். 1937 ஜனவரியில் இரு தரப்புக்கும் ஆயுதத் தடை. பிரதிநிதிகள் சபையில் 406-க்கு 1. அந்த ஒற்றை எதிர்ப்பு மினசோட்டாவின் ஜான் பெர்னார்டுடையது. ஃபிராங்கோவுக்கு ஹிட்லரும் முசோலினியும் விமானம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தடை அவரைத் தொடவில்லை. பெட்ரோலும் லாரியும் 'ஆயுதம்' என்ற பட்டியலில் வராததால் அவை அமெரிக்க நிறுவனங்களிடமிருந்தே அவருக்குப் போயின. அதற்கு முன் எத்தியோப்பியாவில் முசோலினி புகுந்தபோதும் இதே கதைதான்: ஆயுதம் தடை, எண்ணெய் தாராளம். இரண்டு பேரையும் சமமாக நடத்துகிறேன் என்று சொன்ன சட்டம், ஏற்கெனவே கத்தி வைத்திருந்தவன் பக்கம் சாய்ந்தது.

அந்தக் காலத்தின் யோசனைகளில் எனக்குப் பிடித்தது, பிடித்ததாலேயே பயமும் தருவது, இண்டியானாவின் லூயிஸ் லட்லோ கொண்டுவந்த சட்டத்திருத்தம். நாட்டின் மீது தாக்குதல் நடந்தாலொழிய, போருக்குப் போவதா என்று நாடு முழுக்க வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்றது அது. சாகப்போகிறவனைக் கேட்டுவிட்டுப் போருக்குப் போ என்பதைவிட ஜனநாயகமான யோசனை உண்டா? 1937 டிசம்பரில் யாங்சி நதியில் பனாய் என்ற அமெரிக்கப் படகை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. அடுத்த மாதம் லட்லோவின் திருத்தத்தைச் சபையில் விவாதத்துக்கு எடுக்கலாமா என்ற வாக்கெடுப்பில் ஆம் 188, இல்லை 209. ரூஸ்வெல்ட் முழு பலத்தையும் போட்டுத்தான் அந்த 21 வாக்கு வித்தியாசத்தில் தப்பினார். நான் அன்று அங்கே இருந்திருந்தால் எந்தப் பக்கம் கைதூக்கியிருப்பேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். இன்னும் முடிவுக்கு வரவில்லை.

அணிசேராமையை இதோடு சேர்க்காதீர்கள். நேருவின் இந்தியா இரண்டு கூடாரத்திலும் படுக்க மறுத்தது. ஆனால் ஐ.நா. சாசனத்தில் தொடக்க உறுப்பினர். கொரியாவில் போர்க்கைதிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பியது, காங்கோவுக்குப் படையே அனுப்பியது. கட்சி சேரமாட்டேன் என்பது வேறு, பொதுக் கையெழுத்துப் போடமாட்டேன் என்பது வேறு.

ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். ஜாமீன் என்ற சொல்லை இதுவரை உவமையாகத்தான் சொல்லி வந்தேன். உவமையாக இல்லாமலும் அது அங்கே இருந்தது. 1924-இன் குடியேற்றச் சட்டம் நாட்டுக்கு நாடு வரம்பு வைத்தது. ஜப்பானியர் உட்பட ஆசியர்களுக்கு ஏறக்குறைய கதவையே சாத்தியது. மந்தநிலை வந்ததும் 1930-இல் ஹூவர் இன்னொரு பூட்டுப் போட்டார். வருகிறவன் அரசுக்குப் பாரமாகிவிடுவான் என்று தோன்றினால் விசா கிடையாது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பிறகும் ஜெர்மனிக்கான ஒதுக்கீட்டு எண்ணிக்கை பல வருடங்கள் நிரம்பாமலே கிடந்தது. தூதரக வாசலில் யூதர்கள் வரிசையில் நின்றும்கூட. அந்தப் பூட்டைத் திறக்க ஒரு வழி இருந்தது. அமெரிக்காவில் இருக்கும் ஒருவர், 'இவருக்கு நான் பொறுப்பு' என்று தன் சம்பளம், சேமிப்பு எல்லாம் காட்டி அஃபிடவிட் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

உறவுக்காரர் இருந்தவர்கள் அவர்களுக்கு எழுதினார்கள். இல்லாதவர்கள், ஹிட்லரின் கைக்குப் போன வியன்னாவில், அமெரிக்க நகரங்களின் தொலைபேசிப் புத்தகங்களைத் தேடிப்பிடித்து, தங்கள் குடும்பப் பெயர் யாருக்கெல்லாம் இருக்கிறது என்று விரலை ஓட்டிப் பார்த்தார்கள். முன்பின் தெரியாத அந்த மனிதர்களுக்குக் கடிதம் எழுதினார்கள்: ஐயா, நமக்கு ஒரே பெயர், ஒருவேளை தூரத்து உறவாகக்கூட இருக்கலாம், எனக்காக ஒரு கையெழுத்துப் போடுவீர்களா. பெரும்பாலான கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. சிலவற்றுக்கு, மடித்து, நோட்டரி முத்திரையோடு, வந்தது.

அன்புடன்.